சுவரில்லாத அடுப்படி

கோவில்பட்டியில் மூடிக் கிடந்த ஒரு நூல் மில்லை அருங்காட்சியகமாக்கி, அதற்குள் முழு அளவில் ஒரு நவீன வீட்டைக் கட்டி வைத்திருந்தார்கள். காது கேளாதவர்களுக்கு அதைச் சைகை மொழியில் சுற்றிக்காட்டுவது என் வேலை. என் அம்மா, அப்பா இருவருக்கும் காது கேட்காது. வாய் பேசுவதற்கு முன்பே எனக்குக் கை பேச வந்துவிட்டது. முதல் நாளே நிர்வாகி என்னிடம் ஒரு மைக்கை நீட்டினார். எதற்கு என்றேன்.

"எல்லா கைடுக்கும் குடுக்குதோம்லா."

மைக்கைப் பிடித்தால் எனக்குப் பாதி வாயை அடைத்த மாதிரி. இதை அந்த மனிதருக்கு யார் புரியவைப்பது?

ஒருநாள் பசுவந்தனையிலிருந்து காது கேளாத ஒரு தம்பதி வந்தார்கள். கூடவே புருஷனின் அப்பா. அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். யார் சொல்லையும்தான் கேட்கமாட்டார். ஊரில் புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டப் போகிறார்கள். சுவர் எங்கே வரும் என்பது அவர் முடிவு. மருமகளுக்கு வேண்டியதோ ஒன்றுதான்: கூடத்தைப் பார்த்த அடுப்படி.

"வீட்டில் இப்ப அடுப்பு சுவரைப் பார்த்து இருக்கு. பின்னால் யார் வந்தாலும் தெரியாது. மாமா என்னைக் கூப்பிடணும்னா முதுகில் கடலையை எறிவார்" என்று கையால் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமாவோ சட்டைப்பையிலிருந்து கடலையைக் கொறித்தபடி அந்த நவீன வீட்டின் அடுப்படி முன் நின்றார்.

"இது என்னம்மா கூத்து? அடுப்படிக்குச் செவரே இல்ல. கொழம்பு கொதிக்குதது வாசல்ல நிக்குதவனுக்கெல்லாம் தெரியணுமாக்கும்" என்றார். "மொதல்ல, அடுப்பு கெழக்க பாத்துல்லா இருக்கணும்."

சொன்னதோடு நிற்காமல், அருங்காட்சியகத்துக்குள் நின்றுகொண்டு போனில் திசை பார்த்தார். எரியாத அடுப்புக்கு வாஸ்து. நல்லவேளை, அது கிழக்கைத்தான் காட்டியது. அவருக்கு அதில் பெரிய ஏமாற்றம்.

மருமகள் அடுப்புக்குப் பின்னால் போய்க் கூடத்தைப் பார்த்து நின்று வெறும் சட்டியைக் கிண்டிப் பார்த்தாள். மாமா கூடத்து சோபாவில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் பஸ் ஞாபகம் வந்திருக்கும், எழுந்தார். பழக்க தோஷத்தில் கை சட்டைப்பைக்குள் போனது.

கடலை வெளியே வருவதற்குள் அவள் நிமிர்ந்து, 'என்ன மாமா?' என்று சைகையில் கேட்டுவிட்டாள்.

அவர் அப்படியே நின்றார். கையில் எடுத்த கடலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அதைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இந்த அடுப்படிக்கு நீள அகலம் எவ்வளவும்மா? கொத்தனார்ட்ட சொல்லணும்."