பால் டம்ளரில் இருந்த பொடி

இலங்கையில் எண்பத்து மூன்று கலவரம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், மனைவியின் வீட்டில் ஒடுங்கிக் கிடந்தேன். டவுனில் நான் வேலை பார்த்த துணிக்கடையை, லாரியில் வந்த சிங்களக் கும்பல் என் கண்ணெதிரே மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியது. பின்பக்கச் சுவர் ஏறித் தப்பித்தேன். அதன்பிறகு லாரிச் சத்தம் கேட்டாலே கதவைத் தாழிடுவேன். மண்ணெண்ணெய் வாடை வந்தால் வெளியே ஓடிவிடுவேன். தூக்கமே இல்லை. யாரைப் பார்த்தாலும் சந்தேகம்.

மனைவி தினமும் தந்த பாலில் திடீரென ஒரு கசப்பு, மண்வாடை. கேட்டால், "சத்துப் பொடிங்க" என்பாள். ஒருநாள் லயத்துக்குப் பின்னால், கீழ்க் கிராமத்துச் சிங்களப் பெண் ஒருத்தி அவளிடம் பொட்டலம் கொடுப்பதைப் பார்த்துவிட்டேன். வீட்டுக்குள் வந்தவளை மறித்தேன்.

"விஷம் வச்சுக் கொல்லப் பாக்குறாங்க, நீயும் வாங்கிக் கரைக்கிறியா?"

"தூங்குறதுக்குத்தாங்க. சொன்னா குடிக்க மாட்டீங்கன்னுதான் சொல்லல" என்று அழுதாள்.

நான் நம்பவில்லை. மறுநாள் காலை பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போனேன். வாசலில் ஒருவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டதும் தேங்காயைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். இரண்டு கைகளும் தலைக்கு மேலே. கண்களில் அப்படி ஒரு பயம்.

உள்ளேயிருந்து ஓடிவந்த அந்தப் பெண், அவர் கைகளை மெல்ல இறக்கிவிட்டாள்.

"நம்ம புருசன் தம்பி. எழுபத்தொண்ணுல எங்க சிங்களப் பொடியங்க கலகம் பண்ணப்போ ஆமி புடிச்சிட்டுப் போனது. திரும்பி வந்ததுலேர்ந்து இப்பிடித்தான். இது அமுக்கரா. பயம் முழுக்கப் போகாது, தூக்கம் வரும்."

அசுவகந்தா என்கிறோமே, நம் அமுக்கிராக் கிழங்கு, அதைத்தான் சொன்னாள். ஒரே டப்பாவிலிருந்து பொடி எடுத்து, எங்கள் இருவருக்கும் பாலில் கலந்து கொடுத்தாள். அப்போதும் அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துதான் குடித்தேன்.

பிறகு மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. லாரிச் சத்தத்துக்கு இன்றும் திடுக்கிடத்தான் செய்கிறேன். அந்தக் கிழங்கை வைத்து இப்போது ஆராய்ச்சியெல்லாம் நடக்கிறதாம். எனக்கு எவ்வளவு குணம் தந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் என்னைக் கண்டும் ஒரு மனிதர் நடுங்கக்கூடும் என்று தெரிந்த பிறகுதான், நான் மறுபடி டவுனுக்கு பஸ் ஏறினேன்.