ஜக்கையன் வீட்டு வேப்பிலை

போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடை வைத்திருந்த வெள்ளைத்துரை முதலாளிக்குச் சரக்குக் கிட்டங்கி என்றால் ஜக்கையன்தான். மலையிலிருந்து இறங்குகிற மூட்டைகளில் எந்தத் தோட்டத்துச் சரக்கு எந்தச் சுவரோரம் கிடக்கிறது என்பது அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. வேறு யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் நமக்கு என்ன மரியாதை என்று நினைத்திருக்கலாம். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் அவருக்கு மஞ்சள்காமாலை வந்தது. அது இரண்டாம் தடவை. முதல் தடவை சரியாகப் படுக்காமல் கடைக்கு ஓடியதில் திரும்பி வந்துவிட்டது. ஒரு மாதம் எழுந்திருக்கவே கூடாது, இன்னொரு முறை வந்தால் தன் கையில் இல்லை என்று டாக்டர் சொன்னார். அதை அவர் மனைவி பொன்னுமணியக்கா மட்டும்தான் காதில் வாங்கினார்.

உடம்பைப் பார், கடையை மற என்று முதலாளியும் லீவு கொடுத்தார். மறுநாள் காலையிலேயே டிரைவர் பால்சாமி அண்ணன் ஜீப்போடு வந்து, குரங்கணித் தோட்டத்து லோடு எங்கே என்று கேட்டுக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் எடை போடும் படிக்கல்லைக் காணோம் என்று வந்தார். சாயங்காலம், போடிமெட்டுத் தோட்டத்துக்காரர் காத்திருக்கிறார், ஜக்கையன் ஒரு எட்டு வந்து ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தால் போதும் என்று முதலாளி சொன்னதாகச் சொன்னார். நோயாளி வேட்டியை இறுக்கிக் கட்டினார். பொன்னுமணியக்கா வாசலை அடைத்துக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

விடிந்தபோது நிலைப்படியில் இரண்டு கொத்து வேப்பிலை தொங்கியது.

அம்மை என்று அக்கா யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், வேப்பங்காத்து உடம்புக்கு நல்லதுதானே என்றார். ஆத்தா இறங்கிய வீட்டுக்குள் வெளியாள் நுழைய முடியுமா? முதலாளி பயபக்தியோடு இளநீர்க் குலை அனுப்பினார். அதைத் தெருவிலேயே வைத்துவிட்டு ஓடினார்கள். ஜீப்பு வருவது நின்றது.

முதலில் ஜக்கையன் நன்றாகத் தூங்கினார். பிறகு தூக்கம் போய்விட்டது.

"கடையிலருந்து யாரும் வரலையா?"

"வரலை."

"அப்பக் கிட்டங்கி எப்பிடி ஓடுது?"

"அதுக்கென்ன காலா இருக்கு, ஓடுறதுக்கு? பேசாமப் படுங்க."

தெருவில் ஹாரன் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார். வண்டி தாண்டிப் போனதும் முகம் தொங்கிவிடும். ஒருநாள் அக்கா கீழாநெல்லி பறிக்க வாய்க்கால் பக்கம் போன நேரம், துண்டைப் போர்த்திக்கொண்டு கடைக்கு நடந்துவிட்டார்.

அங்கே நடந்ததைப் பிறகு பால்சாமி அண்ணன்தான் சொன்னார். ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் பதறி எழுந்தார்கள். அந்த மஞ்சள் கண்ணைப் பார்த்ததும், வந்திருப்பது ஜக்கையன் இல்லை என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். செருப்பை உதறிக் கைகூப்பினார்.

"ஆத்தா, நீயே தேடி வரலாமா? நான் என்ன கொறை வச்சேன்?"

வெறும் காமாலைதான் என்றால் பொன்னுமணியின் குட்டு வெளிப்படும், அங்கேயே வேலைக்கு உட்கார்த்திவிடுவார்கள். ஜக்கையன் ஆத்தாளாகவே நின்றபடி கிட்டங்கியை எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு அடுக்குக்கு மேலும் சுவரில் தோட்டத்தின் பெயர், சாக்கட்டியில், பால்சாமியின் கோணல் எழுத்தில் இருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில். தப்பு ஒன்றாவது இருக்கிறதா என்று அவர் மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். ஆத்தாளை ஜீப்பில் பதனமாகக் கொண்டுபோய் விடச் சொன்னார் முதலாளி.

பால்சாமி அண்ணனுக்கு விஷயம் முன்பே தெரியும். அம்மை வீட்டில் தாளிக்க மாட்டார்கள். இந்த வீட்டில் பிள்ளைகளின் குழம்புக்குக் கடுகு வெடிப்பது தெருமுனை வரை கேட்டது.

"குரங்கணி லோடை எங்கடா வச்சே?" என்றார் ஜக்கையன்.

"வடக்குச் செவரோரம்ணே."

சரியான இடம். ஜக்கையன் மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். பால்சாமி அண்ணன் அவர் முகத்தைப் பார்த்தார். வண்டி மெதுவானது.

"அண்ணே, ஒரு சந்தேகம். சாரல் அடிச்சா எந்தச் சன்னலைச் சாத்தணும்?"

காய் பொறுக்குகிற பெண்களுக்குக்கூடத் தெரிந்த விஷயம். வீடு வரும்வரை பதில் நீண்டது. அன்று மத்தியானம் அவர் குறட்டை எங்கள் வீட்டில் கேட்டது.

அதன்பிறகு தினமும் பால்சாமி அண்ணன் வேப்பிலைக்கு வெளியே நின்று ஒரு கேள்வி கேட்பார். கீழாநெல்லியோடு ஒன்று என்று பொன்னுமணியக்கா அனுமதித்திருந்தார். இரண்டாவது கேட்டால் வாளித் தண்ணீரைக் காட்டுவார். மஞ்சள் கண்ணில் வெள்ளை தெரிய ஆரம்பித்திருந்தது. அம்மனோடு உள்ள வழக்கை மாவிளக்கு வைத்துத் தீர்த்துக்கொள்வதாக அக்கா வேண்டிக்கொண்டார்.

ஒருநாள் பால்சாமி அண்ணனுக்குக் கேள்வி தீர்ந்துபோயிற்று. என் ஜன்னலுக்கு வந்து, "தம்பி, ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

பூட்டு துருப்பிடித்தால் எந்த எண்ணெய் விடவேண்டும் என்று கேட்கச் சொன்னேன். அதற்கு வந்த பதில் முடிவதற்குள் ஜீப்பின் எஞ்சினே ஆறிப்போயிற்று.