ஸ்கேனுக்கு முன் ஒரு பாட்டில்

ஸ்கேன் சென்டரில் மெஷினை யார் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம். ஸ்கேனுக்கு முன் நோயாளியைக் கசப்புத் தண்ணீர் குடிக்கவைக்கிற வேலைதான் உயிரை வாங்கும். குவைத்துக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுகளும் தனியார் ஸ்கேன் சென்டர்களும் திருப்பதியில் போட்டி போட்டுக்கொண்டு முளைத்த காலத்தில் எனக்கு வாய்த்தது அந்த வேலை. மருந்து குடலெல்லாம் பரவினால்தான் படத்தில் குடல் வெள்ளையாகத் தெரியும். இல்லையென்றால் சும்மா மடிந்து கிடக்கும் குடல்கூடக் கட்டி மாதிரி பயமுறுத்தும். பாட்டிலைக் கொடுத்துவிட்டு, உள்ளே தங்குமா, வெளியே வருமா என்று பக்கத்தில் நின்றவர்களுக்கு என் பாடு புரியும்.

ஜெபம்

சித்தூரிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா, ஒவ்வொரு மடக்குக்கும் முன்னால் கண்ணை மூடி ஜெபம் செய்தார். உள்ளேயிருந்து டாக்டர் மணியடித்துக் கூப்பிடுகிறார். எனக்கு வியர்த்து ஊற்றுகிறது. டாக்டர் கோபித்துக்கொள்வார், கொஞ்சம் சீக்கிரம் அம்மா என்று கெஞ்சினேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இன்னா பேரு அவருக்கு? அவரையும் ஜெபத்துல சேத்துக்கறேன்."

ஒரே வார்த்தை

கங்காதர நெல்லூர் செல்வராஜுக்குக் குவைத் விசா வந்திருந்தது. வயிற்றுவலி என்று போனவரை அழுத்திப் பார்த்த டாக்டர், கட்டி மாதிரி தட்டுப்படுகிறது என்று எங்களிடம் அனுப்பிவிட்டார். கட்டி என்றால் பயணம் இல்லை. அவரும் மனைவி கஸ்தூரியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போய்த் திரும்பி வந்தால் பாட்டிலையே காணோம்.

வழக்கம்போலத் தெலுங்கில், "மந்து தாகேசாரா?" என்றேன். குடித்துவிட்டீர்களா என்று அர்த்தம். ஆனால் தெலுங்கில் மந்து என்றால் மருந்தும்தான், சாராயமும்தான். செல்வராஜ் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மானேசானு சார்" என்றார். விட்டுவிட்டேன் என்கிறார். பாதியில் விட்டுவிட்டாரா என்று பதறிப்போய் இன்னொரு பாட்டில் கலந்து நீட்டினேன். மனுஷர் மறுபேச்சில்லாமல் குடிக்க ஆரம்பித்தார்.

பாதி இறங்கியதும் கஸ்தூரிக்குப் பொறுக்கவில்லை. "மொத பாட்டில முழுசா குடிச்சிட்டாரே சார். பாட்டிலு நல்லா இருக்குதேன்னு கழுவி பையில வெச்சிக்கினேன். இன்னொண்ணு இன்னாத்துக்கு?" என்றார். செல்வராஜ் வாயைத் துடைத்துக்கொண்டார்: "நீங்க சாராயத்த கேக்கறீங்கன்னு நெனச்சிக்கினேன் சார், விட்டுட்டேன்னு நான் சொன்னத நம்பாம சோதிக்கறீங்களோன்னு இதையும் குடிச்சேன்."

ரிசல்ட்

ஒன்றரைப் பாட்டில் வயிற்றோடு அவரை மேஜையில் படுக்கவைத்தேன். வாந்தி எடுத்தால் படம் போச்சு. படம் தெளியாவிட்டால் சந்தேகம் போகாது, அதற்குள் விசா போய்விடும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

குடல் முழுக்க வெள்ளையாகத் தெரிந்தது. கையில் தட்டுப்பட்டது வெறும் குடல்தான், கட்டி கிட்டி எதுவும் இல்லை என்றார் எங்கள் டாக்டர். நானே ஓடிப்போய்ச் சொன்னேன். செல்வராஜ் என்னைக் கும்பிட்டுவிட்டு, ஏஜென்ட்டுக்குப் போன் போட எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். கஸ்தூரி மட்டும் நகரவில்லை. அழுதுகொண்டிருந்தார், சந்தோஷத்தில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மாத்திரையில கரையற மாதிரி ஒரு சின்ன கட்டி இருக்குதுன்னு எழுதக்கூடாதா சார்? இங்கியே இருந்துடுவாரு."

அன்றிலிருந்து, கெட்ட ரிப்போர்ட்டைவிட நல்ல ரிப்போர்ட்டைச் சொல்லப் போகும்போதுதான் கூட வந்தவர் முகத்தை முதலில் பார்த்துக்கொள்கிறேன்.