காலையில் மட்டும் தவறிய குறி

ஜோஸ்லின் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அவரை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்பதே சந்தேகம். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

டெல்லி துவாரகாவில் எங்கள் குடியிருப்பு சொசைட்டிக்குப் பின்னால் ஒரு பெயிண்ட்பால் மைதானம் இருக்கிறது. சாய உருண்டைகளைச் சுடும் துப்பாக்கியை அங்கே மார்க்கர் என்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு எந்தக் கல்லூரியிலும் சேராமல் இருந்த நான் தினமும் அங்கே போய் ஆடுவேன். அக்காவுக்கு இருபத்தைந்து வயது. தூத்துக்குடிக் குடும்பம், அம்மா நர்ஸ். மைதானத்து மார்க்கர்களை எல்லாம் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பது அக்காவின் வேலை.

ஜனவரியில் சண்டிகரில் ஒரு போட்டி. எங்கள் மைதானத்திலிருந்து ஐந்து பேர் போகலாம். கேப்டன் சுந்தரேஷ் அண்ணா நான்கு பேரை முடிவு செய்துவிட்டார். மீதி ஓர் இடத்துக்கு அக்காவும் நானும்.

“ரெண்டு வருசமா எல்லாரு மார்க்கரையும் நாந்தான் தொடைக்கேன். ஒரே ஒரு தடவ லிஸ்ட்ல எம் பேரு வரணும்ல, மாதவ்” என்றார் என்னிடமே.

டிசம்பரில்தான் குழப்பம் ஆரம்பித்தது. காலை ஏழரைக்குப் பயிற்சி. நூறடி தூரத்தில் ஒரு டிரம். அக்கா சுட்டால் ஒரு உருண்டை டிரம்முக்கு முன்னாலேயே விழும். அதற்காகக் கொஞ்சம் உயர்த்திச் சுட்டால் அடுத்தது டிரம்முக்கு மேலே பறக்கும். என் கதையும் அதுதான். ஆனால் மதியம் அக்கா அதே மார்க்கரை எடுத்தால் பத்துக்கு எட்டு அடிப்பார்.

“ஜோஸ்லின், பின்னாடி இருக்கற மரம் பாவம், முழுக்க சிவப்பாயிடுத்து” என்பார் சுந்தரேஷ் அண்ணா.

“மரத்துக்கு எதிரா மேட்ச் இருந்தா சொல்லுங்கண்ணே, நான் வாரேன்.”

சிரித்தாலும் அக்கா விடவில்லை. குழலை மாற்றினார். உருண்டைகளைச் சாப்பாட்டுத் தட்டில் உருட்டிப் பார்த்து, கோணலானவற்றைத் தள்ளினார். குளிரில் கை நடுங்குகிறதோ என்று கையுறை போட்டார். பனிமூட்டம் கண்ணை ஏமாற்றுகிறதோ என்று டிரம்மில் மஞ்சள் துணி கட்டினார். கடைசியில் வேகம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தோம். காலையில் வினாடிக்கு நூற்றுத் தொண்ணூறு அடி, இருநூற்று எழுபது, இருநூற்றுப் பத்து என்று தாறுமாறாகக் காட்டியது. மதியம் எல்லாமே இருநூற்று எழுபதை ஒட்டி. துப்பாக்கிக்கு வெயில் தெரியுமா என்ன?

ஐந்தாவது ஆளுக்கான தேர்வு நாள் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு அக்காவின் மார்க்கரில் காற்றுத் தள்ளும் உள்தண்டு அசையாமல் நின்றுவிட்டது. வழக்கமாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அவர் எதையும் கழற்றுவார். அன்றைக்கு வேறு வழியில்லாமல் குளிரிலேயே கழற்றினார். தண்டைச் சுற்றி மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏல மாதவ்... தேங்காண்ண!”

அக்டோபரில் மார்க்கர் எண்ணெய் தீர்ந்து, புதியது வரத் தாமதமாகியிருக்கிறது. அக்கா வீட்டுத் தேங்காயெண்ணெயைக் கொண்டுவந்து எல்லா மார்க்கருக்கும் போட்டுவிட்டார். அப்போது நன்றாகத்தான் ஓடின. டெல்லிக் குளிரில் எண்ணெய் உறைந்ததும் தண்டு ஒவ்வொரு முறை ஒவ்வொரு விதமாகத் திக்கியிருக்கிறது. மதியம் கழற்றும்போது வெயிலில் உருகிவிடுவதால் அவர் கண்ணில் படவே இல்லை.

“தெனமும் காலையில எண்ண பாட்டில வெந்நீல வச்சுத்தான் தலைக்குத் தேய்க்கேன். இந்த மண்டைக்கு அது தோணலையே!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

தேர்வுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அவர் தன்னுடையதை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தால் நான் வழக்கம்போல பத்துக்கு மூன்று அடித்திருப்பேன். எனக்கு அது உடனே தோன்றியது. அக்கா மேஜையிலிருந்து என் மார்க்கரை எடுத்துக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, உலர்த்தி, பக்கத்து மைதானத்தில் கடன் வாங்கி வந்த சரியான எண்ணெயைப் போட்டார். அதற்குப் பிறகுதான் தன்னுடையதைத் தொட்டார். சுந்தரேஷ் அண்ணா வந்ததும் தன் தப்பையும் சொல்லிவிட்டார்.

“அச்சா! அப்போ ரெண்டு மாசமா உருண்டைக்கு எண்ணெய்க் குளியல் நடந்துண்டிருந்ததா?” என்று அவர் சிரித்தார். பிறகு ஆளுக்குப் பத்து உருண்டை கொடுத்தார்.

நான் ஏழு அடித்தேன். அக்கா ஆறு.

ஐந்தாவது பெயராக என் பெயரை எழுதினார்கள். அக்கா அதை ஒரு முறை வாசித்துவிட்டு, சிந்திய சாயத்தைத் துடைக்கப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

“அக்கா, ஏன் என்னோடத முதல்ல கழுவினீங்க?”

“ஒன்னுதுதான் மேல கெடந்துச்சு.”

“அவ்வளவுதானா?”

“வேற என்னல? தள்ளு, சாயத்த ஷூவால மிதிக்கியே.”

அவர் முகத்தைப் பார்க்க முயன்றேன். குனிந்து துடைத்துக்கொண்டிருந்ததால் தெரியவில்லை. மேஜையில் எது மேலே கிடந்தது என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு நினைவில்லை.