நிறம் எழும்பாத குழி

மாயவரத்து அக்காவை நினைத்தால், உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டுதான் முதலில் கண்ணில் வருகிறது. அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். குழியின் அடியில் பூசியிருக்கும் ஆன்டிபாடி, நோயாளியின் ரத்தத்தில் பிரித்தெடுத்த சீரத்திலிருந்து நாங்கள் தேடும் நொதியைப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் நிறம் தரும் இன்னொரு ஆன்டிபாடி வந்து ஒட்டும். நொதி கூடக்கூட மஞ்சள் அடர்த்தியாகும். தஞ்சாவூரில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த லேபில், புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் புராஸ்டேட் சுரப்பியின் நொதியை அளக்கும் சோதனைக்கு அக்காதான் பொறுப்பு. ஊருக்கே அது புதிது. அக்காவுக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு, இருந்தால்தான் என்ன?

அவருடைய அப்பா விவசாயி. சிறுநீர் சரியாகப் பிரியவில்லை, இடுப்பும் வலிக்கிறது என்று வந்தார். அக்காவின் தம்பிக்கு துபாய் விசா வந்திருந்த நேரம். "அப்பாவுக்கு என்னன்னு தெரியாம நான் பிளேன் ஏற மாட்டேன்க்கா" என்று அவன் லேப் வாசலிலேயே நின்றான். அக்கா தன் கையாலேயே சோதனை போட்டார். வெளிர்மஞ்சள். வயதுக்கு அது சகஜம். தம்பி நிம்மதியாகக் கிளம்பிப் போனான்.

அதன்பிறகும் அப்பா ஓரிரு முறை இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "ரிப்போர்ட் நல்லாத்தானேப்பா இருக்கு, குனிஞ்சு நிமிந்த வலியா இருக்கும்" என்றார் அக்கா. ரிப்போர்ட்டை நம்பாவிட்டால் எங்களுக்குப் பிழைப்பு ஏது? அப்பாவும் வாயை மூடிக்கொண்டார். மாதா கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம், "எம்பொண்ணே மிஷின்ல பாத்துச் சொல்லிருச்சு" என்று பெருமைதான். சம்பா அறுப்பு முடிந்த வாரம் அவரால் கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை.

டாக்டர் சுரப்பியைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "கல்லாட்டம் இருக்கும்மா. சீரத்தை நல்லா டைலூட் பண்ணித் திரும்பப் போடுங்க" என்றார். நீர்க்கவைத்த சீரம் குழியில் கடும் மஞ்சளாக எழும்பியது. அந்தச் சோதனையில் அப்படி ஒரு விபரீதம் உண்டு. நொதி அளவுக்கு மீறிப்போனால் இரண்டு ஆன்டிபாடிகளும் தனித்தனியே நிரம்பிவிடும். ஒன்றோடொன்று சேராது, நிறமும் வராது. நோய் முற்றியவருக்கே நல்ல ரிப்போர்ட் வரும். எங்களுக்கு அதை யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

இப்போது நான் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் சந்தேகம் வந்தால் இயந்திரமே நீர்க்கவைத்துப் பார்த்துக்கொள்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பாஸ்போர்ட் துபாய் முதலாளியிடம் இருந்ததால் தம்பியால் அப்பாவின் அடக்கத்துக்குக்கூட வர முடியவில்லை.

மறுசோதனை முடிந்த அன்று மாலை அக்காவோடு நானும் அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா கட்டிலருகே உட்கார்ந்து, முதலில் வந்த ரிப்போர்ட் தப்பு என்று அழுதுகொண்டே சொன்னார். அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் தெளிந்தது.

"அப்ப நெசமாவே வலிச்சிருக்கும்மா" என்றார். "உன்னைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடுமேன்னுதான் நான் சொல்லல."