விரல் வைத்தால் ஓடிய கணினி

கணக்கென்றாலே அழுத எங்கள் மகளுக்காக என் கணவர் ஒரு வாய்ப்பாட்டு விளையாட்டை எழுதியிருந்தார். அது பதிவாகியிருந்த ஒலிநாடாக் கேசட்டை, வீட்டில் அவர் வைத்திருந்த பழைய கணினி மட்டுமே படிக்கும். அவர் மறைந்த பிறகு, சென்ற ஆண்டுதான், அதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று ராயபுரம் வீட்டில் அந்தக் கணினியைத் திறந்தேன்.

கடற்காற்றில் ஒரு சிப்பின் கால்கள் பச்சை பூத்து இற்றிருந்தன. ரிச்சி தெருவில் அதே வேலையைச் செய்யும் புதிய சிப் கிடைத்தது. பழையதைவிட வேகமானது என்றார்கள்; வேகம் நல்லதுதானே என்று நம்பி வாங்கினேன். எம்.கே.பி. நகரில் டி.வி. பழுது பார்ப்பவர், என் கணவருக்குப் பழக்கமானவர், அதைப் பற்றவைத்துக் கொடுத்தார்.

காலையில் திரை தெளிவாக வரும். நண்பகலில் எழுத்துகள் சிதறும். வெயிலா, மின்சாரமா என்று புரியாமல் நேரத்தைக் குறித்துவைத்தேன். சில நாள் காலையிலேயே சிதறின; குறிப்புகள் ஒன்றையொன்று மறுத்தன. ஒருநாள், சூடாகிறதா என்று பார்க்கப் புதிய சிப்பின் காலில் விரலை வைத்தேன். எழுத்துகள் ஒழுங்காக நின்றன. எடுத்தேன், சிதறின. படித்தவள் இதை வெளியே சொல்லலாமா என்று இரண்டு நாள் தயங்கினேன்.

பழுது பார்ப்பவர் வந்து பார்த்துச் சிரித்தார். "இன்னாக்கா, மாமா உள்ள ஒக்காந்துகினு, உன் கைய குட்தாதான் வேல செய்வேன்றாரா?"

"வெளையாடாதப்பா. ஏன் இப்படி ஆகுது?"

"புச்சு சிப்பு ரொம்ப அவசரம்க்கா. பக்கத்துல கீற கெழடுங்க ரெடியாவறதுக்குள்ள இது பதில் சொல்லிட்டுப் பூடுது. உன் வெரலு அத்த கொஞ்சம் இஸ்துப் புடிக்குது."

விரலுக்குப் பதிலாக அந்தக் காலில், மின்னைச் சற்றுத் தேக்கிவிடும் ஒரு சிறு கண்டென்சரை வைத்தார். திரை முழுவதும் இருண்டது. "ஓவரா புடிச்சிகிச்சி" என்று அதைவிடச் சிறியதைப் பற்றவைத்தார். எழுத்துகள் நின்றன. தாமதம் எப்படி ஒரு பழுதைத் தீர்க்கும் என்பது இன்றும் எனக்கு முழுதாக விளங்கவில்லை.

கேசட் சில நிமிடங்கள் கீச்சிட்டு ஓடியது. ஏழெட்டு எவ்வளவு என்று திரை கேட்டது. தவறாகச் சொன்னால் என்ன வரும் என்பது மறந்துபோயிருந்தது. ஐம்பத்து நான்கு என்று அடித்தேன்.

ஆங்கில எழுத்துகளில் தமிழ் வந்தது: பரவாயில்ல கண்ணு, மறுபடி சொல்லு.

"தப்பாச்சேக்கா, அம்பத்தாறு!" என்றார் பழுது பார்ப்பவர் பதற்றமாக.

தெரியும் என்று தலையாட்டிவிட்டு, ஐம்பத்தைந்து என்று அடித்தேன்.