நாலாவது ஆளுக்கு இடம்

அண்ணன் கனடாக் குடிமகனான பிறகு முதல்முறை பம்பாய்க்கு வந்திருந்தார். பாண்டுப்பில் இருக்கும் அத்தையைப் பார்க்க, மாட்டுங்காவில் லோக்கல் ரயில் ஏறினோம். மூன்று பேர் சீட்டில் ஓரத்து இடம் அவருக்கு, நடு இடம் எனக்கு.

“அங்க குடியுரிமை வாங்கின அன்னிக்கே இந்தியக் குடியுரிமை தன்னால போயிடும்டா. யாரும் வந்து பிடுங்க வேண்டாம், சட்டம் அப்படி” என்றார், ஏதோ கேஸ் இணைப்பை மாற்றியதுபோல. “ஓட்டுப் போட முடியாது, அவ்ளோதான். மத்தபடி நான் பக்கா பம்பாய்க்காரன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குர்லாவில் ஏறிய ஒருவர், நகர்ந்து உட்காரச் சொல்லி அண்ணனிடம் கையசைத்தார். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளுக்கும் இடம் விடுவது எங்கள் ரயில் வழக்கம். அண்ணனோ, “யே தீன் கா சீட் ஹை”, இது மூன்று பேர் சீட் என்று சட்டம் பேசினார்.

வந்தவர் கோபப்படவில்லை. “பாஹர் ஸே ஆயே ஹோ க்யா?” என்றார். வெளியூரா என்று அக்கறையாகத்தான் கேட்டார்.

இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தபோது வராத ரோஷம் அண்ணனுக்கு அப்போது வந்தது. எழுந்து, தன் இடத்தில் அவரை உட்காரவைத்துவிட்டு, நாலாவது ஆளாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். பாதி உடம்பு சீட்டுக்கு வெளியே தொங்க, பாண்டுப் வரை அசையவில்லை, குடியுரிமைக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்போல.